தனித்துப் புறப்படும் தாய்மார்களும் மதீனத் திருநகரும்



எல்லாம் வல்ல அல்லாஹ்வின் இல்லத்தைக் கண்ணாரக் காண வேண்டும், பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துயில் கொண்டிருக்கும் மதீனத் திருநகரில் நின்று ஸலாம் உரைக்க வேண்டும் என்னும் ஏக்கம் இல்லாத முஸ்லிம் தாயைக் காண்பது அரிது. சிறுவாட்டுக் காசைச் சேர்த்து, காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்று, அந்தப் பயணத்திற்கென்று பொருளைத் தனியே எடுத்து வைத்திருப்போர் நம் ஊர்கள் தோறும் உண்டு. பொருள் சேர்ந்துவிட்டது, உடலிலும் தெம்பு இருக்கிறது. ஆயினும் பயணம் நடைபெறுவதில்லை. ஏன்? "யாருடன் போவது?" என்ற ஒரே கேள்வி குறுக்கே நிற்கிறது.

கணவர் மறைந்திருப்பார். மகன் அயல்நாட்டில் பணியில் இருப்பான். அவனுக்கு விடுமுறை கிடைத்தபாடில்லை. உடன்பிறந்தவருக்கோ வசதியில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஆண்டுகள் உருண்டோடுகின்றன. இறுதியில் முழங்கால் ஓய்ந்து, கண் மங்கிய பின்னர், "எனக்குப் பதிலாக யாரையாவது அனுப்புங்கள்" என்று அந்தத் தாய் சொல்லும் நிலை வருகிறது. இது சிறிய இழப்பன்று. கடமையான வணக்கம் ஒன்றைத் தம் காலால் நடந்து நிறைவேற்றும் பேறு கைநழுவிப் போகிறது. ஆகவே, ஆண் துணை கிட்டாத பெண் எப்படிப் புறப்படுவது, சென்ற இடத்தில் தன் நாட்களை எப்படிப் பயனுள்ளதாக்கிக் கொள்வது என்பதை இன்று காண்போம்.

மாறிய விதிகள்

2018ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து இந்திய ஹஜ் கமிட்டியின் வாயிலாகச் செல்வோருக்கான விதி ஒன்று மாற்றப்பட்டது. 45 வயதைக் கடந்த பெண்கள், தாங்கள் பின்பற்றும் மத்ஹபு இடமளிக்குமாயின், மஹ்ரம் துணையின்றி நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த குழுவாக விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. அந்த முதலாண்டில் ஏறக்குறைய 1,300 பெண்கள் விண்ணப்பித்தனர். அவர்களுக்குக் குலுக்கலின்றியே இடமளிக்கப்பட்டது. 2023இல் இவ்வாறு சென்றோர் 4,000 பேருக்கும் அதிகம். சவூதி அரசும் 2021இல் பெண்கள் மஹ்ரம் இன்றிப் பிற பெண்களுடன் ஹஜ்ஜுக்குப் பதிவு செய்ய இடமளித்தது. 2022 அக்டோபரில் அந்நாட்டு ஹஜ் அமைச்சர், உலகின் எப்பகுதியிலிருந்தும் வரும் பெண்ணுக்கு மஹ்ரம் கட்டாயமன்று என அறிவித்தார். வயது, குழு பற்றிய நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே படித்தறிய வேண்டும்.

அரசு அனுமதித்துவிட்டால் போதுமா? மார்க்கம் என்ன கூறுகிறது? இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை காணாமல் புறப்படுவது முறையன்று.

மார்க்கத்தின் நிலை

மஹ்ரம் உடனின்றிப் பெண் நெடும்பயணம் செய்யலாகாது என்னும் கருத்துடைய நபிமொழிகள் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளன. அதே புகாரியில் மற்றொரு செய்தியும் உண்டு. ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு வந்து, அல்லாஹ்வையன்றி வேறெவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம் வரும் காலம் வரும் என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் பெருமானார் முன்னறிவித்தார்கள். அந்தக் காலத்தைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதீ (ரலி) பின்னாளில் கூறினார்கள். இராக்கிலுள்ள ஹீராவிலிருந்து மக்கா வரை பாலைவெளி என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விரு வகைச் செய்திகளையும் ஆராய்ந்த இமாம்கள் வெவ்வேறு முடிவுகளை அடைந்தனர். ஹனஃபி மத்ஹபில், பயணத் தொலைவு செல்ல வேண்டிய பெண்ணுக்கு ஹஜ்ஜிலும் மஹ்ரமோ கணவரோ உடனிருத்தல் நிபந்தனையாகும். ஷாஃபிஈ மத்ஹபில், வாழ்வில் ஒருமுறை கடமையான ஹஜ், உம்ரா ஆகியவற்றை நிறைவேற்ற நம்பிக்கைக்குரிய பெண்களின் கூட்டத்துடன் செல்லலாம். மாலிக் இமாம் அவர்களின் மத்ஹபும் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான கூட்டத்துடன் செல்ல இடமளிக்கிறது. ஆனால் கடமை நிறைவேறிய பின் விருப்பத்தின் பேரில் மீண்டும் செல்லும் பயணத்திற்கு இந்தச் சலுகையை ஷாஃபிஈ அறிஞர்கள் அவ்வாறே நீட்டிக்கவில்லை என்பதையும் மறவாதீர்கள். நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழ்கின்றனர். எனவே, அயல்வீட்டுப் பெண் சென்றாள் என்பது உங்களுக்குச் சான்றாகாது. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் உங்கள் நிலையைக் கூறித் தெளிவு பெற்றுக் கொள்ளுங்கள்.

கருத்து வேறுபாடு இருப்பினும் எல்லாருடைய நோக்கமும் ஒன்றே. பெண்ணின் உயிருக்கும் மானத்திற்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதே அது. உமர் (ரலி) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின்போது நபிகளாரின் துணைவியருக்குப் பயண அனுமதி வழங்கி, உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருபெரும் தோழர்களைப் பாதுகாப்புக்கு அனுப்பினார்கள். போகாதே என்று சொல்லவில்லை. பாதுகாப்பின்றிப் போ என்றும் சொல்லவில்லை.

முன்சென்ற பெண்மணிகள்

மதீனாவுக்குத் தனித்துப் புறப்பட்ட பெண்களுள் மறக்கவொண்ணாதவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) ஆவார்கள். கணவர் அபூ ஸலமா மதீனாவுக்குச் சென்றுவிட, உறவினர் இவரைத் தடுத்து நிறுத்தினர், கைக்குழந்தையையும் பிரித்தனர். ஏறத்தாழ ஓராண்டு அழுது தீர்த்தார்கள். பின்னர் மனமிரங்கிய உறவினர் விடை கொடுக்க, குழந்தையுடன் ஒட்டகத்தில் ஏறித் தன்னந்தனியே புறப்பட்டார்கள். தன்ஈம் என்னும் இடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. ஆயினும் அப்பெண்ணைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நடந்தார். தங்குமிடம் வந்ததும் ஒட்டகத்தை அமர்த்திவிட்டு, அன்னையவர்கள் இறங்கும் வரை அப்பால் விலகி நிற்பார். பின் தொலைவில் ஒரு மரத்தடியில் சாய்ந்து கொள்வார். இவ்வாறு குபா வரை கொண்டு வந்து சேர்த்துவிட்டு மக்காவுக்குத் திரும்பினார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்கள். வழியில் காணும் பெண்ணிடம் ஓர் ஆடவன் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமா?

நம் நாட்டிலிருந்தும் எடுத்துக்காட்டு உண்டு. பாபரின் மகளும் அக்பரின் அத்தையுமான குல்பதன் பேகம், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 1575ஆம் ஆண்டில் அரசகுலப் பெண்களின் குழுவொன்றை நடத்திச் சென்று ஹஜ் செய்து, 1582இல் திரும்பினார். ஸைனப் என்னும் பெயர் பூண்ட பிரித்தானியப் பெண்மணி ஈவ்லின் கோபோல்ட் 1933இல், தம் 65ஆம் வயதில், மதீனாவைக் கண்டு மக்காவில் ஹஜ்ஜை நிறைவேற்றினார். அக்காலப் பயணத்தின் இன்னல்களோடு ஒப்பிட்டால் இன்றைய வழி எளிதானது. 2018இல் தொடங்கிய ஹரமைன் விரைவு ரயில், 450 கிலோமீட்டர் தொலைவுள்ள மக்கா, மதீனா நகரங்களை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் இணைக்கிறது.

துணையின் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆனால் வழி எளிதாகிவிட்டதால் ஆயத்தம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் வழி தவறிய ஒரு மூதாட்டியைப் பற்றி அங்கிருந்து திரும்பியவர்கள் எம்மிடம் கூறினர். தொழுகை முடிந்து, நுழைந்த வாசலை விட்டு வேறொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். தங்கியிருந்த விடுதியின் பெயர் தெரியாது. அறை எண் தெரியாது. கையில் தொலைபேசி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "மகன் கூட்டி வந்தான், மகன் வந்து கூட்டிப் போவான்" என்பதே அவரது விடை. கழுத்தில் தொங்கிய பையைக் கண்ட தமிழ்நாட்டு ஹாஜி ஒருவர் அடையாளம் கண்டு சேர்ப்பித்திருக்கிறார். கவனியுங்கள்: அவர் துணையின்றிச் சென்றவர் அல்லர். பெற்ற மகனுடன் சென்றவர். துணை இருந்தது, அறிவு கொடுக்கப்படவில்லை.

வழியறிதல், கணக்குப் பார்த்தல், முடிவெடுத்தல் ஆகிய மூன்றும் வழித்துணையின் வேலைகள். தனித்துச் செல்பவர் இம்மூன்றையும் தாமே கற்றாக வேண்டும். அது அத்தனை கடினமும் அன்று.

விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டையை வந்திறங்கிய உடனேயே பெற்று எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். மஸ்ஜிதுன் நபவீயின் வாசல்களுக்கு எண்கள் உண்டு. நுழையும்போதே எண்ணைப் பார்த்துச் சொல்லிக் கொள்ளுங்கள். "குடையின் கீழே நிற்கிறேன்" என்று தோழியிடம் சொல்லிப் பயனில்லை. முற்றத்தில் ஒன்றுபோலவே 250 குடைகள் விரிந்திருக்கின்றன! அரபு எண்களைப் படிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். திருக்குர்ஆனின் வசன எண்களை நாள்தோறும் கண்டுவரும் பெண்ணுக்கு வாசலின் எண்ணும், ரியால் நோட்டின் எண்ணும் புதியவை அல்ல. காலணியைத் துணிப்பையில் இட்டு உடன் கொண்டு செல்லுங்கள்; வேறு வாசலில் வெளிவர நேர்ந்தாலும் சுடுகின்ற தரையில் வெறுங்காலுடன் நிற்க வேண்டி வராது.

பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். நாள்தோறும் உண்ணும் மருந்தை, மருத்துவர் எழுதிய சீட்டுடன், தங்கும் நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடி அணிவோர் மற்றொன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே காலையும் மாலையும் நடந்து பழகுங்கள். அவசர ஊர்திக்கு 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். சொந்தமாக ஒரு செல்பேசி வைத்திருந்து, அழைக்கவும், இருக்குமிடத்தை அனுப்பவும் அறிந்திருத்தல் இன்று ஆடம்பரமன்று. மதீனாவின் ரவ்ளாவில் தொழுவதற்கு 'நுசுக்' என்னும் செயலியில் முன்பதிவு செய்து, குறிக்கப்பட்ட நேரத்தில் செல்லும் முறை ஏற்பட்டுள்ளது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. பிறர் செல்பேசியை நம்பியிருப்பவர் அந்த வாய்ப்பையே இழக்க நேரிடலாம்.

மதீனாவில் உங்கள் நாட்கள்

மதீனாவில் ஹாஜிகள் வழக்கமாக எட்டு நாட்கள் அளவில் தங்குவர். நாற்பது நேரத் தொழுகையை அங்கே நிறைவேற்றும் நோக்கில் ஏற்பட்ட வழக்கம் இது. அது ஹஜ்ஜின் கடமைகளுள் ஒன்றன்று என்பதை அறிந்து கொள்ளுங்கள். எனினும் அந்தப் பள்ளியில் தொழும் ஒரு தொழுகை, மஸ்ஜிதுல் ஹராம் நீங்கலாகப் பிற இடங்களில் தொழும் ஆயிரம் தொழுகைகளினும் சிறந்தது என்பது நபிமொழியின் கருத்தாகும். ஆகவே கடைத்தெருவுக்கு இரண்டாம் இடத்தையே கொடுங்கள்.

முதல் நாள் உடலுக்கு ஓய்வளித்து, குளித்து, நறுமணமன்றித் தூய்மையை மட்டும் அணிந்து சென்று ஸலாம் உரையுங்கள். ரவ்ளாவில் நெரிசல் இருக்கும். பிறரைத் தள்ளி முன்னேறுவது வணக்கமாகாது. கிடைத்த இடத்தில் இரண்டு ரக்அத் தொழுது, மனமுருகிக் கேட்டு, அடுத்தவருக்கு இடமளியுங்கள்.

அங்கு நிற்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெருமானார் நல்லடக்கம் செய்யப்பட்ட இடம் எது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் குடியிருந்த அறை. உலக முஸ்லிம்கள் ஸலாம் உரைக்க வந்து நிற்பது ஒரு பெண்ணின் வீட்டு வாயிலில் அல்லவா! இப்பள்ளியின் வாசல்களுள் ஒன்றுக்கு 'பாபுன் நிஸா', அதாவது பெண்கள் வாசல் என்றே பெயர். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக இப்பள்ளியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த அம்மையார் ருஃபைதா (ரலி). இப்பள்ளியைப் பெருக்கி வந்த எளிய பெண்ணொருவர் மரணமுற்றபோது, தமக்கு அறிவிக்கவில்லையே என்று பெருமானார் வினவி, அவரது கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். ஆதலால், ஆண் துணையின்றி வந்தோமே என்று அந்த நகரில் நாணி நிற்க வேண்டுவதில்லை. அது உங்களை அறியாத ஊரன்று.

மற்றொரு நாள் காலையில் குபாவுக்குச் செல்லுங்கள். தங்குமிடத்திலேயே தூய்மை செய்து கொண்டு சென்று அங்கே தொழுவோருக்கு ஓர் உம்ராவின் நன்மை உண்டெனக் கூறப்பட்டுள்ளது. பெருமானார் சனிக்கிழமை தோறும் நடந்தும் ஊர்தியிலும் அங்குச் சென்று வந்தார்கள். பெரிய பள்ளியிலிருந்து குபா வரை நடைபாதையும் அமைந்துள்ளது. நடக்க இயலாதோர் தோழியருடன் சேர்ந்து ஊர்தி அமர்த்திக் கொள்ளலாம்; ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடியுங்கள். உம்மு ஸலமா அன்னையின் ஒட்டகம் வந்து நின்ற ஊர் இதுவே என்பதை நினைவு கூருங்கள்.

உஹது மலையடிவாரத்திற்கு வெயில் ஏறுமுன் செல்லுங்கள். கோடையில் மதீனாவின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 625இல், இங்கு எழுபது தோழர்கள் உயிர்த்தியாகம் செய்தனர்; ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். வில்லாளர்கள் நிறுத்தப்பட்ட சிறுகுன்றை இன்றும் காணலாம். படை சிதறிய அந்த நேரத்தில் உம்மு உமாரா என்னும் நுஸைபா (ரலி) பெருமானாரின் முன்னே நின்று போரிட்டுப் பல காயங்களைத் தாங்கினார்கள். அன்னை ஆயிஷாவும் உம்மு ஸுலைமும் (ரலி) தோல்பைகளில் நீர் சுமந்து காயமுற்றோருக்குப் புகட்டினார்கள். வழிகாட்டி இவற்றைச் சொல்லாவிடினும் நீங்கள் அறிந்து செல்லுங்கள். புறப்படுமுன் நபிகளாரின் வரலாற்று நூலொன்றை முழுமையாகப் படித்துச் செல்பவருக்கு அங்குள்ள கல்லும் பேசும். படியாது செல்பவருக்கு அது வெறும் கல்லே.

கிப்லா மாறிய நிகழ்வை நினைவூட்டும் கிப்லதைன் பள்ளியையும், அகழ்ப் போர் நடந்த பகுதியையும் அதே சுற்றில் காணலாம். தமஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1908இல் வந்து சேர்ந்த ஹிஜாஸ் ரயில் பாதையின் பழைய நிலையம் இன்று காட்சியகமாக உள்ளது. விருப்பமுடையோர் பார்த்து வரலாம். ஜன்னத்துல் பகீஃ கப்ரஸ்தானினுள் பெண்கள் அனுமதிக்கப்படுவதில்லை. காவலரிடம் வாதாடாமல் வெளியிலிருந்தே ஸலாம் உரையுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரு நாளையேனும் எத்திட்டமும் இன்றி விட்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளியில் அமைதியாக அமர்ந்து ஸலவாத்து ஓதுங்கள். ஊர் திரும்பிய பின் நெஞ்சில் நிற்பது அந்த நாளாகவே இருக்கக் கூடும்.

மாதவிலக்கு வந்துவிடின் என்ன செய்வது என்று இளவயதுப் பெண்கள் கலங்குவதுண்டு. இறுதி ஹஜ்ஜின் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அது நேர்ந்தது, அவர்கள் அழுதார்கள். ஆதமின் புதல்வியருக்கு அல்லாஹ் விதித்தது இது என்று பெருமானார் ஆறுதல் கூறி, தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யப் பணித்தார்கள். மக்காவிலிருந்து விடைபெறும் தவாஃபும் அந்நிலையிலுள்ள பெண்ணுக்குத் தளர்த்தப்பட்டுள்ளது. மதீனாவில் அந்நாட்களில் பள்ளியில் தங்கலாகாது; ஆனால் திக்ருக்கும் ஸலவாத்துக்கும் துஆவுக்கும் தடையில்லை. உஹதுக்கும் செல்லலாம். எனவே மனம் நோக வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளே! உங்கள் தாய் ஐம்பது ஆண்டுகள் உங்கள் வீட்டை நடத்தியவர். அவருக்கு வழி தெரியாது என்று சொல்லுமுன், நீங்கள் அவருக்கு வழி சொல்லிக் கொடுத்தீர்களா என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். மார்க்கம் இடமளித்து, குழுவும் நம்பகமானதாக அமைந்துவிட்டால், அச்சத்தின் பெயரால் அவரைத் தடுக்காதீர்கள். அதேபோல, "அரசு அனுப்புகிறது, பார்த்துக் கொள்வார்கள்" என்று அலட்சியமாக அனுப்பியும் விடாதீர்கள். குழுவில் உடன் செல்லும் பெண்களின் வீடுகளுக்குப் புறப்படுமுன்பே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். செல்பேசியை வாங்கிக் கொடுப்பதோடு நில்லாமல், பக்கத்திலிருந்து பழக்குங்கள். அருகிலுள்ள நகரத்துக்கு ஒருமுறை அவரையே முன்னே நடக்கவிட்டு, நீங்கள் பின்னே செல்லுங்கள். பயணச்சீட்டை அவரே வாங்கட்டும். வழியை அவரே கேட்கட்டும். மதீனாவுக்குரிய பயிற்சி நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே தொடங்கிவிடும்.

இந்த ஆயத்தம் மஹ்ரமுடன் செல்லும் பெண்ணுக்கும் வேண்டியதே. கூட்டத்தில் கைவிட்டுப் போன கணத்தில் யாவரும் தனித்தவரே.

காத்திருந்து காத்திருந்து காலம் கழிந்த நம் தாய்மார்களுக்கு அல்லாஹ் நல்வழியைத் திறப்பானாக! அவர்தம் கால்களுக்கு வலிமையும், வழிக்குப் பாதுகாப்பும், உடன் செல்வோருக்கு உஸ்மான் இப்னு தல்ஹாவின் கண்ணியமும் வழங்குவானாக! ஆமீன்.